சோப்பால் அழுக்கான பிரஷ்

பழைய பெட்டியில் கிடந்த ஷேவிங் பிரஷ் ஒன்றைக் கையில் எடுத்து, அதன் முடிக்கற்றையைக் கட்டைவிரலால் இரண்டாக வகிர்ந்து பாருங்கள். நுனி மெத்தென்றுதான் இருக்கும். உள்ளே போகப் போக முடி விறைத்துக்கொண்டே வரும். பிடியை ஒட்டிய அடிப்பகுதியில், வெள்ளையும் சாம்பலுமாக ஏதோ ஒன்று முடிகளைச் சேர்த்து இறுக்கியிருக்கும். நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல அப்பிக்கொள்ளும். தினமும் சோப்பிலேயே ஊறிய பொருள் எப்படி இவ்வளவு அழுக்கானது? அந்த அழுக்கே சோப்புதான்.

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் தாராளமாகச் சேர்ந்திருக்கும். நுரை சட்டென்று அமுங்காமல் நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த அமிலத்தோடு சோடியமோ பொட்டாசியமோ சேர்ந்திருக்கும்வரை சோப்பு நீரில் கரையும். கடினநீரில், அதாவது பேச்சுவழக்கில் நாம் உப்புத் தண்ணீர் என்கிறோமே அதில், கால்சியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. ஒரு கால்சியம் அயனி இரண்டு ஸ்டியரேட்டுகளை, அதாவது சோப்பிலுள்ள ஸ்டியரிக் அமிலப் பகுதிகளை, பிடித்துக்கொண்டால் கால்சியம் ஸ்டியரேட் பிறக்கிறது. அது நீரில் கரையாத மெழுகு. குளியலறை வாளியின் உட்புறத்தில் படியும் வெள்ளை வளையமும் இதே சரக்குதான்.

வாளியை நாரால் தேய்த்துவிடலாம். பிரஷ்ஷின் அடியில் ஆயிரக்கணக்கான முடிகள் நெருக்கியடித்து நிற்பதால், அலசும் தண்ணீர் அங்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. படிவு தடிக்கத் தடிக்க முடிகள் பக்கவாட்டில் விரிகின்றன. நல்ல நிலையில் இருக்கும் முடி தன் நீளம் முழுக்க வளைந்துகொடுக்கும்; அடி இறுகிய முடியோ இறுகிய இடத்துக்கு மேலே ஒரே புள்ளியில் மடங்கும். நாளடைவில் அங்கேயே ஒடியும். முகத்தில் ஒட்டிய முடியை எடுத்து, முழு நீளமும் இருக்கிறதா என்று பாருங்கள். நீளம் குறைந்திருந்தால் அது ஒடிந்த முடி. வேரோடு கழன்று வந்திருந்தால் குறை, முடியைப் பிடியில் ஒட்டிய பசையில்.

கழுவுவதற்கு முன் பிரஷ்ஷின் வயதை யோசித்துக்கொள்ள வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பலருக்கு ஆந்த்ராக்ஸ் வந்தது. ஆடு மாடுகளைத் தாக்கும் அடைப்பான் நோய்தான் அது. புதிதாக வாங்கிய ஷேவிங் பிரஷ்களிலிருந்து அது தொற்றியது என்பது விசாரணையில் தெரியவந்தது. பேட்ஜர் என்ற விலங்கின் முடிக்குத்தான் மதிப்பு அதிகம். போரால் சரக்கு வரத்து மாறிப்போக, இறக்குமதியான குதிரைமுடியைப் பேட்ஜர் முடிபோலத் தோன்றச் செய்து மலிவாக விற்றார்கள். அதில் ஒரு பகுதி சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படாதது. 1920-இல் பிரிட்டன் ஜப்பானியப் பிரஷ்களின் இறக்குமதிக்கே தடை போட்டது. ஆந்த்ராக்ஸ் கிருமியின் ஸ்போர்கள், அதாவது அதன் உறங்குநிலை வித்துகள், பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்க வல்லவை. வினிகரும் ஷாம்பூவும் அவற்றை ஒன்றும் செய்யாது. அழுத்த நீராவி அழிக்கும், ஆனால் கூடவே முடியும் பசையும் பாழாகும். ஆபத்து மிகச் சிறியதுதான். இருந்தாலும் 1930-க்கு முந்தையது என்று தோன்றும் விலங்குமுடிப் பிரஷ்ஷை நான் கண்ணாடி அலமாரியோடு நிறுத்திக்கொள்வேன். ரேஸர் கீறிய கன்னத்தில் அதை வைத்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மற்றவற்றுக்கு வருவோம். சோப்புப் படிவை மேலும் சோப்புப் போட்டுக் கழுவினால் கால்சியத்துக்கு மேலும் தீனி போட்டதாகும். அங்கே வேண்டியது அமிலம். வீட்டு வினிகரில் ஏறக்குறைய 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் உண்டு. ஒரு பங்கு வினிகரில் ஒன்பது பங்கு வெதுவெதுப்பான நீர் சேர்த்தால் அதன் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 3-ஐ ஒட்டி இருக்கும். படிவைக் கலைக்க அது போதும். அசிட்டிக் அமிலம் தன் ஹைட்ரஜன் அயனியை ஸ்டியரேட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. கைவிடப்பட்ட கால்சியம், நீரில் நன்றாகக் கரையும் கால்சியம் அசிடேட்டாக வெளியேறுகிறது.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இதுவரை நடந்தது பாதி வேலைதான். கால்சியம் போன பிறகு மிஞ்சுவது ஸ்டியரிக் அமிலம். அதுவும் நீரில் கரையாது. அது உருக 69 டிகிரி செல்சியஸ் வேண்டும், அந்தச் சூட்டை முடிக்குக் காட்டக் கூடாது. வினிகரில் கால் மணி நேரம் ஊறிய பிரஷ் முன்பைவிடப் பிசுபிசுவென்று இருப்பதாகச் சிலர் பதறுவதுண்டு. பதற வேண்டாம், இறுகிக் கிடந்த மெழுகு கொழுப்பாக மாறியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இனி பாத்திரம் துலக்கும் திரவத்தில் இரண்டு சொட்டு போதும். அதிலுள்ள செயற்கைச் சலவைப்பொருள்கள் கால்சியத்தோடு சேர்ந்து மெழுகாவதில்லை, கொழுப்பையும் சின்னச் சின்னத் துளிகளாக உடைத்து நீரில் மிதக்கவிடுகின்றன. உள்ளங்கையில் பிரஷ்ஷை மெல்லச் சுழற்றினால் தண்ணீர் பால்போலக் கலங்கும். அடிமுடியை விரலால் பிரித்துவிட்டபடி, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். பல வருடப் படிவு ஒரே தடவையில் போகாது. வினிகர், திரவம் என்று இன்னொரு சுற்று போகலாம்.

அமிலம் முடியைக் கெடுக்காதா என்று கேட்கலாம். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் மேற்பரப்பில் ஓடு வேய்ந்தாற்போல் செதில்கள் அடுக்கியிருக்கும். காரத்தில் அவை தூக்கிக்கொள்ளும், லேசான அமிலத்தில் படிந்துவிடும். முடியின் உறுதி உள்ளேயிருக்கும் கந்தகப் பிணைப்புகளில் இருக்கிறது. நீர்த்த வினிகர் அவற்றைத் தொடுவதில்லை. கடுமையான காரமும் கொதிநீரும்தான் தொடும். தினசரிச் சோப்பே பி.எச். 9, 10 என்று காரம்தான். வாடையைப் போக்க மேலும் போராக்ஸ் என்ற காரப்பொருளில் ஊறவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிடியின் கதை வேறு. ஆரம்பகாலப் பிளாஸ்டிக்குகளான செல்லுலாய்டு, பேக்கலைட், பால் புரதத்திலிருந்து செய்யும் கேசீன், மரம், கொம்பு என்று பழைய பிடிகள் பலவகை. இவற்றில் கேசீன் தண்ணீரைக் குடித்து ஊதும். நான் ஒருமுறை ஒரு பிரஷ்ஷை முழுசாக மூழ்கடித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வெண்ணெய் நிறப் பிடி முழுக்க மயிரிழை விரிசல். அன்றிலிருந்து முடியை மட்டும்தான் நனைக்கிறேன். பிடியின் ஒரு ஓரத்தை வெந்நீர்க் குழாயில் காட்டி முகர்ந்தால் ஓரளவு அடையாளம் தெரியும். கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு. கார்பாலிக் நெடி அடித்தால் பேக்கலைட் குடும்பம். செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் சூட்டுக்கும் துளைக்கருவிக்கும் தூரமாகவே வைத்திருங்கள். பேக்கலைட் குடும்பத்துப் பிடியில் ஏறிய மஞ்சள் வெறும் மேல்தோல்தான், மெருகுப் பசை போட்டுத் தேய்த்தால் பழைய நிறம் எட்டிப்பார்க்கும். அந்த மஞ்சளே அழகு என்று விட்டுவிடுவோரும் உண்டு, நான் அந்தக் கட்சி.

கடைசியாக உலர்த்துவது. தலைகீழாகத் தொங்கவிட்டால்தான் நீர் வடியும் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ தாங்கிகள் விற்றுப்போயின. நுண்குழாயில் நீர் ஏறும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் நீர் சுமார் 15 சென்டிமீட்டர் தானாக ஏறி நிற்கும். பிரஷ் முடியின் நீளம் 5 சென்டிமீட்டர்தான், அடியில் முடிகளுக்கிடையே உள்ள சந்துகளோ அந்தக் குழாயைவிடக் குறுகலானவை. ஆகவே அங்கே சிக்கிய நீரைப் புவியீர்ப்பால் இழுக்க முடியாது. பிரஷ் நின்றால் என்ன, தொங்கினால் என்ன. நாலு தடவை பலமாக உதறினால் அந்த வேகம் புவியீர்ப்பைப்போலப் பல மடங்கு விசையைக் கொடுக்கும். பிறகு பருத்தித் துண்டில் ஒற்றினால், துண்டின் இழைகளும் நுண்குழாய்களாகி மிச்சத்தை உறிஞ்சும். அதன்பின் காற்றோட்டமுள்ள இடத்தில் திறந்து வைத்தால் போதும். மூடிய டப்பாவுக்குள் ஈரத்தோடு வைத்தால்தான் பூஞ்சை பிடிக்கும்.