லே கல்யாணத்துக்குப் போகிறீர்களா? ஊர் சுற்ற யாருக்கு, எங்கே அனுமதி வேண்டும்

கூட வேலை பார்ப்பவருக்கோ கல்லூரித் தோழிக்கோ லடாக்கில் கல்யாணம் என்று பத்திரிகை வந்தால், கல்யாண நாளோடு நான்கைந்து நாள் லீவைச் சேர்த்து, பாங்கோங் ஏரி, நுப்ரா பள்ளத்தாக்கு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். அதில் தப்பில்லை. அவ்வளவு தூரம் போய் மொய் எழுதிவிட்டு மட்டும் யார் திரும்புவார்கள்? ஆனால் லடாக் எல்லைப் பகுதி. அதன் முக்கிய ஊரான லேக்குள் தாராளமாகச் சுற்றலாம். ஏரிகளும் மணல்மேடுகளும் இருக்கிற பக்கம் போக வேண்டுமென்றால் கையில் தாள் வேண்டும். என்ன தாள் என்பது உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது.

இந்தியக் குடிமக்களுக்கு விஷயம் லேசானது. நுப்ரா, பாங்கோங், ட்சோ மொரிரி ஏரி, ஹான்லே போன்ற இடங்களுக்கு முன்பெல்லாம் எல்லைப் பகுதிக்குள் போவதற்கான இன்னர் லைன் பெர்மிட் கட்டாயமாக இருந்தது. 2021 ஆகஸ்டில் லடாக் நிர்வாகம் இந்தியர்களுக்கு அதைத் தளர்த்தியது. பெர்மிட் தளர்ந்ததே தவிர, கட்டணம் போகவில்லை. சுற்றுச்சூழல் கட்டணம் என்று தலைக்கு 400 ரூபாய், அதோடு நாள் கணக்கில் ஒரு சின்னத் தொகை, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒரு சின்னத் தொகை. லே மாவட்டத்தின் அனுமதித் தளத்திலேயே ஆதார் அல்லது வாக்காளர் அட்டை விவரம் கொடுத்துக் கட்டிவிடலாம், அந்த ரசீதுதான் இந்தியர்களுக்குத் தாள். கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்தத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லையில் பதற்றம் என்றால் சில பாதைகளை மூடுவார்கள், விதியும் மாறும்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி என்ற தனி அனுமதி உண்டு. 1958-ல் போட்ட ஆணையிலிருந்து வருகிற ஏற்பாடு இது. இதைத் தனியாளாகப் போய் வாங்க முடியாது. பதிவு பெற்ற டிராவல் ஏஜென்ட் மூலமாக, குறைந்தது இரண்டு பேராகச் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் நகல், விசா நகல் இரண்டும் வேண்டும். எந்தெந்த இடம், எத்தனை நாள் என்று அனுமதியிலேயே எழுதியிருக்கும், அதற்கு வெளியே போகக்கூடாது. சில நாட்டவர்களுக்கு ஏஜென்ட் மூலமும் நடக்காது. அவர்கள் உள்துறை அமைச்சகத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும்.

நம் வீட்டுக் கூட்டம் மாட்டிக்கொள்கிற இடம், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓசிஐ அட்டை. சிங்கப்பூர் சித்தப்பாவோ லண்டன் அத்தையோ, "எனக்குத்தான் ஓசிஐ இருக்கிறதே, நானும் இந்தியர் மாதிரிதான்" என்று நிம்மதியாக இருப்பார்கள். விசா விஷயத்தில் அது சரி. ஆனால் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு ஓசிஐ அட்டைதாரரும் தனி அனுமதி வாங்கியாக வேண்டும் என்று 2021 மார்ச்சில் வந்த மத்திய அரசு அறிவிப்பு தெளிவாகவே சொல்கிறது. கணவன் இந்திய பாஸ்போர்ட், மனைவி ஓசிஐ என்றால் ஒரே காரில் போனாலும் இரண்டு வழியில் தாள் வாங்க வேண்டும். அதனால் கல்யாண வீட்டில் விருந்தினர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு வைத்திருந்தால், யார் எந்த பாஸ்போர்ட் என்பதை அங்கே முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

தாள் கைக்கு வந்ததும் நான்கைந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நுப்ரா போகிற வழியில் கர்துங் லா கணவாய்க்கு முன்னால் சவுத் புல்லு என்ற சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும். டிரைவர் எல்லோருடைய தாளையும் வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போவார், ஒரு நகலை அங்கேயே வைத்துக்கொள்வார்கள். அங்கே ஜெராக்ஸ் கடை தேடினால் கிடைக்காது.

சரி, எதை எப்போது பார்ப்பது? விமானத்தில் வந்தால் முதல் 48 மணி நேரம் ஓய்வு என்று நிர்வாகம் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம். ஊட்டியைவிட 1,200 மீட்டருக்கு மேல் அதிகம். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் அசட்டையாக இருக்கக்கூடாது. லேயில் சோனம் நொர்பு மருத்துவமனை இருக்கிறது. கல்யாண வீட்டில் பார்லியில் காய்ச்சிய சாங் ஊற்றுவார்கள், முதல் இரண்டு நாள் அதை மரியாதையாக மறுத்துவிட்டு வெண்ணெய்த் தேநீர் குடியுங்கள்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. உடம்பு பழகும்வரை பார்க்கக்கூடிய இடங்களுக்குத் தாளும் தேவையில்லை. செங்கே நம்கியால் காலத்து ஒன்பது அடுக்கு லே அரண்மனை, சாந்தி ஸ்தூபி, ஷே அரண்மனை, திக்சே மடாலயம் எல்லாம் அந்த வகை. திக்சேயில் இரண்டு மாடி உயரத்துக்கு உட்கார்ந்திருக்கும் மைத்ரேய புத்தரின் முகத்துக்கு நேரே, மேல் தளத்திலிருந்து பார்க்கலாம். மூன்றாம் நாள் ஸ்ரீநகர் சாலையில் போனால், நிம்மு பக்கம் சிந்துவும் ஜான்ஸ்காரும் இரண்டு நிறத்தில் கலக்கும் சங்கமம், அதைத் தாண்டி அல்ச்சி மடாலயத்தின் பழைய சுவரோவியங்கள். இந்தப் பாதையில் நேரம் இல்லையென்றால் விடவேண்டியது மேக்னடிக் ஹில். வண்டி தானாக மேடேறுவது போலத் தெரிவது வெறும் கண்மயக்கம்தான்.

தாள் செலவு பண்ணிப் போவதென்றால், வயதானவர்கள் இருக்கும் கூட்டத்துக்கு என் ஓட்டு நுப்ராவுக்கு. கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் என்றாலும் அங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கிவிடலாம். நுப்ராவின் ஹுண்டர் கிராமத்தில் இரவு தங்குகிற இடம் லேயைவிடத் தாழ்வு. இரட்டைத் திமில் ஒட்டகமும் மணல்மேடும் அங்கேதான். பாங்கோங் 4,200 மீட்டருக்கு மேல், இராத்தங்கினால் பலருக்கு மூச்சு முட்டும். வானம் பார்க்கும் ஆசை உள்ள இளவட்டங்கள் ஹான்லே போகலாம். நம் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் அங்கேயும் தொலைநோக்கி வைத்திருக்கிறது. அதன் பெயர் ஹிமாலயன் சந்திரா டெலஸ்கோப், அந்தச் சந்திரா நம் சுப்பிரமணியன் சந்திரசேகர்தான்.

வண்டியில் இன்னொரு விதி. மணாலியிலோ ஸ்ரீநகரிலோ எடுத்த வாடகை டாக்ஸி உங்களை லேயில் இறக்கிவிடலாம், அங்கிருந்து நுப்ராவுக்கோ பாங்கோங்குக்கோ கூட்டிப்போகக்கூடாது. உள்ளூர் டாக்ஸிதான் எடுக்க வேண்டும். கட்டணத்தை டாக்ஸி சங்கமே நிர்ணயித்திருக்கிறது, பேரம் பெரிதாக நடக்காது. கட்டணம் வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல, அதனால் விருந்தினர்கள் சேர்ந்து போனால் பாதிச் செலவு மிச்சம். சொந்தக் காரில் வந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ரீல்ஸுக்காக ஏரித் தண்ணீரிலோ மணல்மேட்டிலோ காரை இறக்கினால் வழக்கும் அபராதமும் வரும்.

கல்யாணத்துக்கு ட்ரோன் கேமராவோடு வருகிற வீடியோக்காரர், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பார்த்து, மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். லே விமான நிலையம் விமானப் படைத்தளம், அங்கே படம் எடுக்கக்கூடாது.

அப்புறம் போன். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான். அனுமதித் தாள், டாக்ஸி எண், ஹோட்டல் முகவரி எல்லாவற்றையும் டெல்லியில் விமானம் ஏறுவதற்கு முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.