பாம்பின் கால் பாம்பறியும்: புகைப் பரிசோதனைக் கருவி வாயுவை அடையாளம் காணும் விதம்

"என் காரிலிருந்து துளிப் புகைகூட வருவதில்லை, பிறகு எதற்குக் கட்டாயப் புகைப் பரிசோதனை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வண்டியோட்டுபவர்கள் பலருக்கும் உள்ள மனக்குறை இது. 'புகை' என்ற சொல்தான் இங்கே குழப்பத்தை உண்டாக்குகிறது. பெட்ரோல் அரைகுறையாக எரியும்போது உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்ளும் என்பது பள்ளியில் படித்ததுதான்.

கண்ணுக்குப் புலப்படாத இந்த வாயுவைக் கருவி எப்படிக் காண்கிறது? அதன் மூலக்கூறில் கார்பன் அணுவும் ஆக்சிஜன் அணுவும், சுருள்வில்லின் இரு முனைகளில் கட்டிய குண்டுகளைப் போல, ஓயாமல் அதிர்கின்றன. அந்த அதிர்வோடு ஒத்துப்போகும் அகச்சிவப்புக் கதிரை, அதாவது ஏறத்தாழ 4.7 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ளதை, மூலக்கூறு விழுங்கிச் சூடாகிறது. புகையில் பெரும்பகுதியாக உள்ள நைட்ரஜனிலோ இரண்டும் ஒரே வகை அணுக்கள் என்பதால், அதிரும்போது மின்சமநிலை குலைவதில்லை. கதிர் அதைத் தீண்டாமல் கடந்துவிடுகிறது.

1930-களின் இறுதியில் ஜெர்மனியில் உருவான கருவி இந்த இயல்பைப் பயன்படுத்திய விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஒரு கதிர் நைட்ரஜன் நிரம்பிய குழாய் வழியாகவும், மற்றொன்று ஆராய வேண்டிய வாயு வழியாகவும் சென்று, மெல்லிய உலோகத் தகட்டால் பிரிக்கப்பட்ட இரண்டு சிற்றறைகளை அடைகின்றன. அந்த அறைகள் இரண்டிலும் நிரப்பப்பட்டிருப்பது கார்பன் மோனாக்சைடுதான்! வழியிலேயே அதே வாயு கதிரில் ஒரு பங்கை விழுங்கிவிட்டால், அந்தப் பக்கத்து அறை குறைவாகச் சூடாகி, அழுத்தம் குறைந்து, தகடு அதை நோக்கி மயிரிழையளவு வளைகிறது. அந்த வளைவு மின்குறிப்பாகி வாயுவின் அளவைச் சொல்கிறது. பாம்பின் கால் பாம்பறியும் என்பதற்கு இயற்பியலில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இன்றைய கருவிகள் பலவற்றில் ஒளிவடிகட்டியும் வெப்ப உணரியும் அந்த அறைகளின் இடத்தைப் பிடித்துவிட்டன.

காலையில் தோற்ற கார் மாலையில் எப்படித் தேறியது என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. புகையைத் தூய்மையாக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்குச் சூடான பிறகே ஒழுங்காக வேலை செய்கிறது. குளிர்ந்த என்ஜினோடு போய் நின்றால் நல்ல காரும் தோற்கக்கூடும்.

சில வண்டிகள் கக்கும் நஞ்சுக்காக எல்லோரும் ஏன் வரிசையில் நிற்க வேண்டும் என்ற கோபத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு உண்டு. 1980-களில் டென்வர் பல்கலைக்கழகத்தின் டொனால்டு ஸ்டெட்மன் சாலையின் குறுக்கே அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, ஓடும் வண்டிகளின் புகையை அளந்தார். சுமார் பத்தில் ஒரு பங்கு வண்டிகளே கார்பன் மோனாக்சைடில் பாதியளவை வெளியிட்டன. புதிய பரிசோதனைக் கூடங்களைக் கட்டுவதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையேனும் இத்தகைய ஆய்வுக்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. புகை காற்றில் கலைந்துவிடுமே, அளவு எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்கலாம். ஸ்டெட்மன் கார்பன் மோனாக்சைடைத் தனியே அளக்காமல், கார்பன் டை ஆக்சைடோடு அதற்குள்ள விகிதத்தையே கணக்கிட்டார்; கலையும்போது இரண்டும் ஒரே அளவில் நீர்த்துப்போவதால் விகிதம் மாறுவதில்லை.