ஆறு பிள்ளைகளின் சராசரி

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் முதுகலை ஆய்வு செய்யும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "30 தமிழ்ப்பள்ளிகளில் 630 மாணவர்களின் கணித மதிப்பெண்ணைத் திரட்டி எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ரிக்ரஷன் (ஒன்றைக் கொண்டு இன்னொன்றைக் கணிக்கும் சமன்பாடு) போட்டேன். 'மல்டிலெவல் மாடல்' போடு என்று மேற்பார்வையாளர் திருப்பிவிட்டார். ஏன் அண்ணா?"

ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படிக்கிறார்கள், ஒரே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். ஒருவரின் மதிப்பெண் தெரிந்தால் பக்கத்துப் பிள்ளையுடையதும் கொஞ்சம் தெரிந்த மாதிரிதான். மொத்த வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கு பள்ளிகளுக்கு இடையில் இருப்பது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு 21 பேர் என்றால், ஒவ்வொருவருக்கும் கூடப்படிப்பவர் 20 பேர்; 1 + 20 × 0.1 = 3. 630-ஐ இந்த 3-ஆல் வகுக்க வேண்டும். மொத்தச் சராசரியைக் கணிக்க உங்கள் 630 பேர், தனித்தனியாகப் பொறுக்கிய 210 பேருக்குத்தான் சமம். சாதாரண ரிக்ரஷனுக்கு இது தெரியாது. மாணவர், பள்ளி என்று இரண்டு அடுக்காகப் பார்க்கும் மல்டிலெவல் மாடலுக்குத் தெரியும்.

சரி, இது பாடநூலிலேயே இருக்கிறது. நான் சொல்ல விரும்புவது இந்த மாடலுக்குள் நடக்கும் ஒரு வேலையை. ஒவ்வொரு பள்ளியின் சராசரியையும் அது பொதுச் சராசரியை நோக்கி இழுக்கும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு இழுக்காது.

அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் கொண்டுவரும் ரப்பர் பாலை எடை போட்டு எழுதிய கணக்கரை, அதுதான் கிராணியை, நினைத்துப் பாருங்கள். புதிதாக வந்தவர் இரண்டு நாள் வாளி நிறையப் பால் கொண்டுவந்தால் உடனே பெரிய கைகாரர் என்று எழுதிவிடமாட்டார். ஒரு மாதம் அப்படியே வந்தால் நம்புவார். மாடலும் அப்படித்தான். பொதுச் சராசரி 60, பள்ளிக்குள் மதிப்பெண்ணின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) 15, பள்ளிகளுக்கிடையில் 5 என்று கொள்வோம். இந்த எண்களுக்கு, n மாணவர் உள்ள பள்ளியின் சொந்தச் சராசரிக்குக் கிடைக்கும் நம்பிக்கை n/(n+9). சராசரி 80 எடுத்த இரண்டு பள்ளிகளில் ஒன்றில் 81 பேர்; நம்பிக்கை 0.9, மதிப்பீடு 78. இன்னொன்றில் 6 பேர்; நம்பிக்கை 0.4, மதிப்பீடு 68. அந்த 9 எங்கிருந்து வந்தது? 15-இன் வர்க்கத்தை 5-இன் வர்க்கத்தால் வகுத்தது. நாம் கொடுக்க வேண்டியதில்லை, தரவிலிருந்து மாடலே கண்டுபிடித்துக்கொள்ளும். மூன்றோ அதற்கு மேலோ சராசரிகளைச் சேர்த்துக் கணிக்கும்போது, ஒவ்வொன்றின் சொந்தச் சராசரியை அப்படியே எடுப்பதைவிட நல்ல வழி உண்டு என்று 1956-இல் புள்ளியியலாளர் சார்லஸ் ஸ்டைன் நிறுவினார். முதலில் படித்தபோது எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

இது தெரியாததால் நம் ஊரில் நடக்கும் அநியாயம் ஒன்று உண்டு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் ஆறு பேர் எழுதி ஆறு பேரும் தேறினால் 'ராசியான பள்ளி' என்பார்கள். அடுத்த ஆண்டு இரண்டு பேர் தவறினால் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். சிறிய பள்ளிகள் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் மாறி மாறி வருவதற்கு எண்ணிக்கை குறைவே பெரும் காரணம். ராசி பார்த்துப் பள்ளியைக் காலி செய்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எஸ்பிஎஸ்எஸ்-இலும் இந்த மாடலைப் போடலாம், ஆனால் அது காசு கொடுத்து வாங்கும் மென்பொருள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிய ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். அதில் எல்எம்இ4 (lme4) தொகுப்பை நிறுவி, உங்கள் பழைய சமன்பாட்டோடு (1 | பள்ளி) என்று சேர்த்தால் போதும். உரிமத்துக்குக் கொட்டும் பணத்தில் புள்ளியியல் சொல்லித்தர ஓர் ஆளை வைக்கலாம் என்பது என் கருத்து.

அப்புறம் ஒன்று. எல்லாப் பள்ளிகளையும் 60-ஐ நோக்கி இழுப்பது, அவை ஒரே வகை என்றால்தான் நியாயம். உங்கள் 30-இல் எவை இன்னும் தோட்டத்துக்குள் இருக்கின்றன, எவை டவுனுக்கு மாறிவிட்டன என்று தரவில் ஒரு நெடுவரிசை சேர்த்து, அதைச் சமன்பாட்டிலும் போட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போது தோட்டப் பள்ளி, தோட்டப் பள்ளிகளின் சராசரியை நோக்கியே இழுக்கப்படும்.