கூப்பிடக் கூப்பிட ஏன் விலகிப் போகிறோம்?

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளி நெருங்கும்போது ஜனங்கள் எப்படி நடக்கிறார்கள் என்று கவனியுங்கள். இரண்டு பக்கமும் துணிக்கடைகள், வாசல் வரை தொங்கும் சுடிதாரும் சட்டையும். ஆனால் பலர் தெருவின் நடுவில்தான், வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பார்கள். கடை ஓரமாகப் போனால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். "வாண்ணா, உள்ள வந்து பாருண்ணா", "அக்கா, டாப்ஸ் பாக்கா, புது மாடல்" என்று வாசலில் நிற்கும் பையன் வழியை மறிப்பான். ஆள் பிடிக்க நிறுத்திய ஆளே ஆளை விரட்டுகிறான். இதற்கு உளவியலில் நல்ல விளக்கம் இருக்கிறது.

1966-ல் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 'ரியாக்டன்ஸ்' என்ற கோட்பாட்டை முன்வைத்தார். தன் கையில் இருப்பதாக ஒருவர் நினைக்கும் சுதந்திரத்தில் யாராவது கை வைத்தால், அதை மீட்கும் வரை மனம் முறுக்கிக்கொண்டு நிற்கும் என்பதுதான் அதன் சாரம். எம்.சி. ரோட்டில் நடப்பவரின் சுதந்திரம் சின்னதுதான். எந்தக் கடைக்குள் போவது, எப்போது போவது, ஒன்றும் வாங்காமல் சும்மா பார்த்துவிட்டுப் போவது, அவ்வளவே. பையன் குறுக்கே வந்து நிற்கும் நொடியில் அது பறிபோகிறது. அதைத் திரும்பப் பெற ஒரே சுலபமான வழி, அந்தக் கடைக்குள் நுழையாமல் இருப்பது. துணி நன்றாக இருக்கிறதா, விலை கட்டுப்படியாகுமா என்ற கேள்விகள் வரை மனம் போவதே இல்லை. சுடிதார் எடுக்கவே வந்த பெண்கூட "வேணாம்பா" என்று சொல்லிவிட்டு, நாலு கடை தள்ளி அதே மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்.

இதைக் காட்டும் பழைய பரிசோதனை ஒன்று உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் டெபோரா சாண்டர்ஸும் 1976-ல் வெளியிட்டது. கல்லூரிக் கழிப்பறைச் சுவர்களில் அறிவிப்பு மாட்டினார்கள். சில இடங்களில் "தயவுசெய்து இங்கே எழுதாதீர்கள்" என்று. சில இடங்களில் "எந்தக் காரணம் கொண்டும் எழுதக் கூடாது" என்று, பெரிய அதிகாரி ஒருவர் பெயரோடு. மிரட்டிய அறிவிப்புக்குப் பக்கத்தில்தான் கிறுக்கல் அதிகம். நம் ஊரில் "இங்கே நோட்டீஸ் ஒட்டாதீர்" என்று எழுதிய சுவரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அந்த முறுக்கின் உள்ளே என்ன இருக்கிறது? ஜேம்ஸ் டில்லார்டும் லிஜியாங் ஷென்னும் 2005-ல் இதை அளந்து பார்த்தார்கள். எரிச்சலும், எதிராளி சொல்வதை மனத்துக்குள் மறுத்துப் பேசுவதும் பிரிக்க முடியாமல் கலந்து வருகின்றன என்று தெரிந்தது. அதனால்தான் அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல சலுகையைச் சொன்னாலும் எடுபடாது. "ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ" என்றால், "அப்போ ரெண்டோட விலையிலயே மூணுக்கும் சேர்த்து வச்சிருப்பான்" என்று உள்ளே பதில் தயாராகிவிடும்.

எல்லோருக்கும் ஒரே அளவில் இது வராது. அந்தச் சுதந்திரம் ஒருவருக்கு எவ்வளவு முக்கியம், அழுத்தம் எவ்வளவு பலமானது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். பிள்ளைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் எடுக்க அவசரமாக வந்தவரிடம் "யூனிஃபார்ம் மாடியிலண்ணா" என்று பையன் சொன்னால் அது உதவி. வேடிக்கை பார்த்துக்கொண்டே தேர்ந்தெடுக்க வந்தவரிடம் அதே பையன், அதே குரல், தொல்லை. கடைக்காரர்கள் இந்த இரண்டு பேரையும் ஒன்றாக நடத்துவதில்தான் பாதி வினை.

அழுத்தத்தைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் விடை இருக்கிறது. பிரான்ஸில் நிகோலா கெகனும் அலெக்ஸாண்டர் பாஸ்கலும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், தெருவில் போகிறவர்களிடம் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டார்கள். சும்மா கேட்டபோது 10 சதவீதம் பேர் கொடுத்தார்கள். "கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம்" என்று ஒரு வரி சேர்த்தபோது 47.5 சதவீதம் பேர் கொடுத்தார்கள். பிறகு 2013-ல் 42 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் அந்த வரி வேலை செய்வது உறுதியானது. "பாத்துட்டுப் போங்கக்கா, எடுக்கணும்னு இல்ல" என்று சொல்லத் தெரிந்த பழைய கடைக்காரர்கள் இதை எந்த ஆய்வும் படிக்காமலே பிடித்துவிட்டார்கள்.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்காக்களும் சத்தம் போட்டுத்தானே கூப்பிடுகிறார்கள், அங்கே ஏன் யாரும் ஓடுவதில்லை என்று கேட்கலாம். அந்த அக்கா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து வந்து மறிப்பதில்லை. அப்புறம், வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுகிறார். வாங்குபவருக்கு முடிவெடுக்க ஒரு தகவல் கிடைக்கிறது, முடிவு அவர் கையிலேயே இருக்கிறது. நான் ஒரு கடை வைத்தால் என் ஆட்களைப் பயிற்சிக்கு அங்கேதான் அனுப்புவேன்.

அடுத்து ஒலிபெருக்கி. "எது எடுத்தாலும் நூத்தம்பது, எது எடுத்தாலும் நூத்தம்பது" என்று பதிவு செய்த குரல் காலையிலிருந்து ராத்திரி வரை ஓடும். இதற்கு ஆதரவாகவும் அறிவியல் உண்டு. ஒரு பொருள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டாலே அதன்மேல் பிரியம் வளரும் என்று ராபர்ட் ஸயான்ஸ் 1968-ல் காட்டினார். விளம்பர உலகம் இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் 1979-ல் ஜான் கசியோப்போவும் ரிச்சர்ட் பெட்டியும் ஒரே வாதத்தைச் சிலருக்கு ஒரு தடவை, சிலருக்கு மூன்று தடவை, சிலருக்கு ஐந்து தடவை போட்டுக் காட்டினார்கள். மூன்று வரை உடன்பாடு ஏறியது. ஐந்தில் இறங்கிவிட்டது. முதல் சில தடவைகளில் சொல்வது என்னவென்று புரிகிறது, பழகுகிறது. அதன் பிறகு கேட்பதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாததால், சும்மா இருக்கும் மனம் குறை கண்டுபிடிக்கத் தொடங்குகிறது.

தெருவைக் கடந்து போகிறவர் அந்தக் குரலை இரண்டு மூன்று தடவைதான் கேட்பார், அவரால் ஆபத்தில்லை. நாள் முழுக்கக் கேட்பவர்கள் எதிர்க்கடைக்காரர்களும் மாடியில் குடியிருப்பவர்களும். வருஷம் பூராவும் வாடிக்கையாளராக இருக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55 டெசிபல்தான் வரம்பு. பண்டிகை நேரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்!

பேனர் விஷயத்திலும் இதேதான். சுஸான் ஷூவும் கர்ட் கார்ல்சனும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பொருளைப் பற்றி ஒன்று முதல் ஆறு வரை நல்ல விஷயங்களைச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று சொன்னபோது மதிப்பு உச்சத்தில் இருந்தது. நான்காவதில் சந்தேகம் எழுந்தது. சொல்பவர் விற்கத்தான் சொல்கிறார் என்று கேட்பவருக்குத் தெரிந்திருந்தபோதுதான் இப்படி நடந்தது என்பது முக்கியம். துணிக்கடை பேனரில் அந்த ரகசியம் யாருக்கும் தெரியாததல்ல. வருஷம் முழுக்க "கடைசி மூன்று நாள்" என்று தொங்கும் பேனர், பக்கத்தில் எழுதியிருக்கும் உண்மையான விலையையும் சேர்த்தே நம்பமுடியாததாக்கிவிடுகிறது.

ரகங்களை அதிகமாகக் காட்டினால் வாடிக்கையாளர் குழம்பி ஓடிவிடுவார் என்று சொல்லப்படுவதை மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ள வேண்டும். 2000-ல் வந்த ஜாம் ஆய்வில் 24 வகை வைத்தபோது, ருசி பார்க்க நின்றவர்களில் 3 சதவீதம் பேரும், 6 வகை வைத்தபோது 30 சதவீதம் பேரும் வாங்கினார்கள் என்பது பிரபலம். ஆனால் 2010-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம். நூறு புடவையை விரித்துப் போடச் சொல்லும் நம் அம்மாக்களைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமில்லை.

சரி, இத்தனை விரட்டினாலும் ஏன் விடாமல் செய்கிறார்கள்? கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே வந்தவர்கள் மட்டும்தான் தெரிகிறார்கள். பையன் கூப்பிட்டு வந்த பத்துப் பேரை எண்ணலாம். அவனைப் பார்த்துத் தெருவின் நடுவுக்குப் போனவர்கள் எந்த பில்லிலும் வரமாட்டார்கள்.

தெருவில் இந்த நஷ்டம் ஒரு கடையோடு போகும், போனில் அப்படி இல்லை. லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று வந்த அழைப்புகளால் தெரியாத எண்ணை எடுப்பதையே பலர் நிறுத்திவிட்டார்கள். அதனால் கூரியர் பையன் தண்டையார்பேட்டை சந்து முனையில் நின்று போன் அடித்துக்கொண்டே இருக்கிறான். வங்கி உண்மையான காரணத்துக்காகக் கூப்பிட்டாலும் யாரும் எடுப்பதில்லை. விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண் வரிசை இருந்தும் அதற்கு வெளியே சாதாரண பத்து இலக்க எண்களிலிருந்து வந்தவை ஏராளம். கடைசியில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வாடிக்கையாளரைச் சேவைக்காக அழைப்பதற்கென்று, பார்த்தவுடன் அடையாளம் தெரியும்படி, 1600 என்று தொடங்கும் தனி வரிசையை 2024-ல் தொலைத்தொடர்புத் துறை ஒதுக்க வேண்டியதாயிற்று.