கல்லின் அளவும் சிகிச்சையின் பலனும்

சிறுநீரகக் கல்லை அகற்றும் முறைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1986-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. உடலைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சையில் 350 பேரில் 273 பேர் பலன் பெற்றனர். இது 78 விழுக்காடு. தோலில் சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறையில் 350 பேரில் 289 பேர், அதாவது 83 விழுக்காட்டினர் பலன் பெற்றனர். துளை முறையே சிறந்தது என்று தோன்றும்.

ஆனால் நோயாளிகளைக் கல்லின் அளவுப்படி பிரித்தால் முடிவு தலைகீழாகிறது. இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான கற்களில் திறந்த முறை 87-இல் 81 பேருக்கும், துளை முறை 270-இல் 234 பேருக்கும் பலித்தது. பெரிய கற்களில் முறையே 263-இல் 192 பேருக்கும் 80-இல் 55 பேருக்கும் பலித்தது. இரு பிரிவிலும் திறந்த முறையே முந்துகிறது.

காரணம், கடினமான பெரிய கற்களில் பெரும்பாலானவை திறந்த முறைக்கே போயிருந்தன. இப்படிச் சிகிச்சைத் தேர்வையும் அதன் விளைவையும் ஒருசேரப் பாதிப்பதைக் குழப்பக் காரணி என்பர்.

இதைச் சரிசெய்யும் எளிய வழி தரப்படுத்தல். 700 பேரில் சிறு கல் உடையவர்கள் 357, பெரிய கல் உடையவர்கள் 343. இந்த 700 பேரும் ஒரே முறைக்கு உட்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று, ஒவ்வொரு பிரிவின் வெற்றி வீதத்தையும் அப்பிரிவின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால், திறந்த முறைக்கு 83, துளை முறைக்கு 78 விழுக்காடு கிடைக்கின்றன. முதலில் கண்ட அதே இரு எண்கள் இடம் மாறி நிற்பதை நான் ஒவ்வொரு முறையும் வியப்போடுதான் பார்க்கிறேன்.

எதைக் கொண்டு பிரிப்பது என்பதை எண்கள் சொல்வதில்லை. மருத்துவ அறிவுதான் சொல்ல வேண்டும். கல்லின் அளவு சிகிச்சைக்கு முன்பே இருந்தது, ஆகவே அதைக் கொண்டு பிரிப்பது சரி. சிகிச்சையால் விளைந்த இரத்தப்போக்கைக் கொண்டு பிரித்தாலோ, அளக்க விரும்பிய விளைவின் ஒரு பகுதியையே கணக்கிலிருந்து நீக்கிவிடுவோம்.

மேலும், அளந்து பதிவுசெய்த காரணியை மட்டுமே இவ்வாறு சரிசெய்ய முடியும். இந்த ஆய்வில் இரு முறைகளும் ஒரே காலத்தில் செய்யப்பட்டவை அல்ல; இடைப்பட்ட ஆண்டுகளில் மாறிய மருத்துவப் பராமரிப்பு இந்த எண்களில் பதிவாகவில்லை. ஒரே காலத்தில் வரும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு சிகிச்சைகளுக்கும் பிரித்திருந்தால், பதிவாகாத காரணிகளும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருக்கும்.