வானத்தில் பள்ளம் இல்லை, பெல்ட்டைப் போடுங்கள்

போன வாரம் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வரும் வழியில் மறுபடியும் ஒருவர் மண்டையை இடித்துக்கொண்டார். நம்ம சுங்கை சிப்புட்காரர். பெல்ட் விளக்கு எரிகிறது. இவர் எழுந்து, மேலே வைத்த ஊறுகாய் பாட்டில் உடைந்ததா என்று பார்க்கிறார். நெற்றியில் ஐஸ் கட்டியை வைத்தால், "வானத்துல அவ்ளோ பெரிய பள்ளமாம்மா?" என்று கேட்கிறார்.

பள்ளமும் இல்லை, குழியும் இல்லை ஐயா. விமானப் பணிப்பெண் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டிலும் இதே கேள்விதான். காற்றே இல்லாத ஓட்டை வானத்தில் எங்கேயும் கிடையாது. ஏறுகிற காற்றும் இறங்குகிற காற்றும் அக்கம்பக்கமாக இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்குள் போகும்போது விமானம் குலுங்கும்.

2024 மே 21 அன்று, லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் மியன்மார் வானில் குலுங்கி ஒருவர் இறந்தார். "6,000 அடி விழுந்துச்சாம்" என்று ஒட்டுக்கடையில் இன்னும் அளக்கிறார்கள். அந்த 6,000 அடி, பிறகு பேங்காக்குக்குத் திருப்பியபோது விமானி முறையாக இறக்கியது. ஆட்களைத் தூக்கியடித்த நேரத்தில் விமானம் இறங்கியது 178 அடி, 4.6 விநாடியில். அதுவே போதும். விமானம் சடாரென்று கீழே போகும், பெல்ட் போடாதவர் இருந்த இடத்திலேயே இருப்பார், கூரை வந்து தலையில் இடிக்கும்.

மத்தியானத்தில், மறுநடவுக்காக வெட்டிப்போட்ட செம்பனைத் தோட்டத்து மண் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சூட்டுக் காற்று மேலே ஏறித்தான் மூன்று மணிக்குக் கருமேகமாக நிற்கிறது. மழைமேகம் ரேடாரில் தெரியும், சுற்றிப் போவோம். மேகமே இல்லாத இடத்துக் குலுக்கல் ரேடாரில் தெரியாது. அதனால்தான் விளக்கு அணைந்தாலும் உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட் போடச் சொல்லிக் கத்துகிறோம்.

இறக்கை ஒடியுமா? ஒடியாது. 1995இல் போயிங் 777 இறக்கையை வேண்டுமென்றே வளைத்துச் சோதித்தார்கள்; பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டிய பிறகே உடைந்தது.

பெல்ட்டை வயிற்றுக்குமேல் தொளதொளவென்று போடாதீர்கள்; இடுப்பெலும்பில் இறுக்கமாக இருக்கட்டும். சேலை கட்டிய பாட்டிமார்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சரிசெய்யுங்கள், வெட்கப்பட்டு எங்களைக் கூப்பிடமாட்டார்கள். மடிக்குழந்தைக்குத் தனி பெல்ட் தருவோம், கையால் பிடித்தால் நிற்காது. விளக்கு எரியும்போது சுடச்சுட கோப்பி மட்டும் கேட்காதீர்கள், தயவுசெய்து. அது முதலில் கொட்டுவது உங்கள் மடியில்தான்.