பாஸ் பிடிக்கும்போது விரலில் அடியா? தயவுசெய்து இழுத்துவிடாதீர்கள்

பள்ளிகளில் கூடைப்பந்துப் போட்டிகள் தொடங்கினால் போதும், பிசியோதெரபி அறையில் எனக்கு வீங்கின விரல்கள்தான். இந்த வாரமும் ஒரு பெண் வந்தாள், நடுவிரல் நுனி கொக்கி மாதிரித் தொங்குகிறது, அடிபட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்றால், "கிரவுண்டிலேயே சார் இழுத்துவிட்டாரு மேடம், அப்புறம் வீட்ல எண்ணெய் போட்டு நீவினோம்" என்கிறார் அம்மா.

வேகமாக வரும் பந்து விரல் நுனியில் நேராக இடித்தால், விரலை நிமிர்த்தும் நாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற திசு) கடைசி மூட்டருகே அறுந்துவிடலாம், இல்லை எலும்புத் துணுக்கோடு பிய்ந்து வரலாம். இதில் இழுத்து எதை ஒட்டவைக்கப் போகிறீர்கள்? 'டக்' என்று சத்தம் வந்தால் மூட்டு சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இன்னொன்று, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது: "விரலை மடக்க முடியுதே, அப்ப ஒண்ணும் ஆகல." மடக்குகிற நாண் வேறு, நிமிர்த்துகிற நாண் வேறு, எலும்பில் விரிசல் விட்ட விரலைக்கூட மடக்கிக் காட்டியவர்கள் உண்டு. நுனி தானாக, இன்னொரு கையின் உதவி இல்லாமல் நிமிர்கிறதா என்று பாருங்கள். நிமிரவில்லையா, வலி குறைவாக இருந்தாலும் அன்றைக்கே எக்ஸ்ரே. சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது, நுனியை நேராக வைத்து 6 முதல் 8 வாரம் ஸ்பிளிண்ட் (மூட்டு மடங்காமல் பிடித்துவைக்கும் கட்டு) போடுவோம், இரவும் பகலும். குளிக்கக் கழற்றும்போது ஒருமுறை மடங்கினாலும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து, இதைச் சொன்னால்தான் எல்லோருக்கும் கோபம் வருகிறது.

கோச்சுகளுக்கு ஒரு வேண்டுகோள். அடிபட்ட கதைகளில் பாதி, "நான் பார்க்கவே இல்ல, அவன் போட்டுட்டான்" என்றுதான் தொடங்குகிறது. சக ஆட்டக்காரனின் கண்ணும் கையும் தயாரா என்று பார்க்காமல் எறிவது பாஸ் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போடப் பழக்குங்கள், வேறெங்கோ பார்த்துக்கொண்டே எறிகிற, டிவியில் பார்த்த நோ-லுக் பாஸெல்லாம் அப்புறம். பிடிப்பவன் விரல் நுனியைப் பந்தை நோக்கி நீட்டக் கூடாது: உள்ளங்கை பந்தைப் பார்க்க, விரல்கள் விரிந்து, நெஞ்சுக்கு வரும் பந்துக்கு மேல்நோக்கியும் இடுப்புக்குக் கீழே வருவதற்குக் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அளவில் சிறிய 5ஆம் எண் பந்து கொடுங்கள். அரைக் கிலோவைத் தாண்டும் 7ஆம் எண் பந்தை அந்தக் கைகளுக்கு வீசாதீர்கள்.

அடிபட்டதும் துணி சுற்றிய ஐஸ், 15 நிமிடம். அதற்கும் முன்னால் மோதிரத்தைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.